பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு

1

நாங்கள் நெதர்லாந்துக்கு வந்து இறங்கிய நாளை என் கணவர் சேகர் வருஷா வருஷம் கொண்டாடுவார். குளித்து, சட்டை மாற்றி, ஊர் நடுவில் இருக்கும் பழைய எடைக்கூடத்துக்கு எங்களைக் கூட்டிப் போவார். ஒரு காலத்தில் சந்தைக்கு வந்த சரக்கையெல்லாம் நிறுத்துப் பார்த்த கட்டடம் அது. இப்போது உணவகம். வந்த புதிதில் அங்கேதான் அவர் முதன்முதலாகக் கோதுமை பீர் குடித்தார். மேகம் மாதிரி வெளுத்து, கொத்தமல்லி வாசனையோடு இருந்தது. "இன்னா கலா, உன் கொழம்பு வாசன வருது" என்றார்.

சென்ற வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தானே அந்தப் பீரைக் காய்ச்சி, அந்த நாளன்று தெருவில் இருக்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது. பழவேற்காட்டில், எங்கள் கோட்டைக்குப்பத்தில் இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். வீட்டில் குடிப்பதற்குக் காய்ச்சினால் இங்கே யாரும் கேட்பதில்லை. என் தம்பி முருகனிடம் போனில் சொன்னபோது அவன் நம்பவில்லை.

"மாமா ஊட்லயே சரக்கு காச்சுறாரா? போலீசு அள்ளிகினு போவாது?"

"சரக்கு இல்லடா, பீரு. கோதுமைல போடறது."

"கோதுமைய சப்பாத்தி சுட்டுத் துன்னாம..." என்று சொல்லிவிட்டு, "வேல கீல பூட்ச்சா அவுருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். சந்தேகம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தத்திலேயே உண்டு.

சேகருக்கு வேலை போகவில்லை. பொன்னேரிக்காரர். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து, அந்தத் தொழிலை வைத்துக்கொண்டே இங்கே வந்தவர். அவர் பெண் கேட்டு வந்தபோது என் நைனா, "தொறமொகத்துக்காரன் நம்ம கடல எட்துகினான், இப்போ பொண்ணையும் கேக்குறானா" என்று எழுந்து போனவர்தான். கல்யாணப் பந்தலில்கூட மாப்பிள்ளை முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை.

முதல் தடவை காய்ச்சிய பீரில் கொத்தமல்லி விதையைக் கைக்கு வந்த அளவில் போட்டுவிட்டார். தண்ணீரைச் சரிப்படுத்த ஏதோ ஒரு உப்பை ஸ்பூனால் அள்ளிப் போட்டார். புளி மட்டும்தான் குறைச்சல், மற்றபடி ரசம். பக்கத்து வீட்டு ஹென்னி ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையை ஜன்னல் விளிம்பில் மெதுவாக வைத்துவிட்டுப் போனாள். அறுபது தாண்டியவள், தனியாக இருப்பவள், அதிகம் பேசாதவள். அன்று மாலையே சேகர் முடிவுக்கு வந்தார்: தராசு வேண்டும்.

"தராசா? நீ போவாத. நான் வாங்கறேன்" என்றேன்.

2

தராசு விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு தராசு தேவைப்பட்டது. கோதுமையும், முளைகட்டிக் காயவைத்த பார்லியும் கிலோக் கணக்கில் போடுகிற பொருள்கள். கொத்தமல்லி, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், உப்பு வகைகள் எல்லாம் கிராம் கணக்கு. மீன் நிறுக்கிற தராசில் யாரும் தாலியை நிறுக்க மாட்டார்கள்.

பள்ளி இல்லாத ஒரு நாள் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஓவியா எங்கள் ஒரே மகள். இங்கேயே வளர்ந்தவள். அந்த வருஷம் அவள் மேல்வகுப்புக்குப் போயிருந்தாள். பொதுவாக நான் கடையில் ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தால் அவள் பத்தடி தள்ளி நின்று, வேறு யாரோ மாதிரி போனைப் பார்ப்பாள். அன்று தள்ளி நிற்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

பெரிய தராசைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக முடிந்தது. பாதித் தராசுகளில் பெரிய பானையை வைத்தால் எண் பானைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். எண் தெரியாத தராசு எனக்கு எதற்கு? எண் காட்டும் பலகையை ஒயரோடு வெளியே இழுத்து வைக்கிற மாதிரி ஒன்று இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தராசின் நடுவில் வைத்தேன், பிறகு நான்கு மூலையிலும் வைத்தேன். எங்கே வைத்தாலும் ஒரே எண்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டேன். கடைக்காரப் பையன் நான் பாட்டிலை நகர்த்துவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும்.

சின்னதுதான் பாடாய்ப் படுத்தியது. சமையல் தராசுகள் ஒரு கிராம் வரைக்கும் காட்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். பையில் கொண்டுபோன கொத்தமல்லியை ஒவ்வொரு விதையாகப் போட்டேன். தட்டில் ஒரு சின்னக் குவியலே சேர்ந்துவிட்டது, தராசு பூஜ்யத்திலேயே நின்றது. அதே குவியலை மொத்தமாக எடுத்துத் திரும்பப் போட்டால் உடனே எண் காட்டியது. மெதுவாகச் சேர்ப்பதை அந்தத் தராசு கண்டுகொள்வதே இல்லை. "பாத்தியா, ஏமாத்துது" என்றேன்.

"ஆமாம்மா, இது நல்லால்ல" என்றாள் ஓவியா. அவளே ஒரு யூரோ நாணயத்தை எடுத்தாள். "இது கரெக்டா ஏழரை கிராம். அந்த அரை கிராம் இருக்கு பாரு, அதை இது காட்டாது. நமக்குப் பத்துல ஒரு கிராம் காட்டறது வேணும்."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இணையத்தில் படித்தாளாம். அப்பாவுக்காகப் படித்தாளாம்.

அப்படிப்பட்ட சின்னத் தராசு அந்தக் கடையில் இல்லை. திரும்பி வரும் வழியில், சிகரெட் தாளும் விதவிதமான புகைக்குழாயும் விற்கிற ஒரு கடையின் ஜன்னலில் வரிசையாக இருந்தன, உள்ளங்கை அளவில். இங்கே எதற்கு இவை என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள். "அம்மா, கஞ்சா நிறுக்கறதுக்கு." நான் ஜன்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் படித்தோம். நூறில் ஒரு கிராம் காட்டுவது சேகருக்குப் பிடித்திருந்தது. மூச்சு விட்டாலே எண் ஆடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆடுகிற எண்ணை நான் நம்ப மாட்டேன் என்றேன். பத்தில் ஒன்று போதும் என்று முடிவானது. ஓவியாதான் பட்டனை அழுத்தி வாங்கினாள்.

3

எங்கள் ஊரை இந்த நாட்டுக்காரர்கள் எனக்கு முன்பே அறிந்தவர்கள். ஓவியாவின் சரித்திர ஆசிரியர், பழவேற்காடு என்றதும் பழைய டச்சுப் பெயரைச் சொல்லி, "ஓ, நம்முடைய கோட்டை இருந்த ஊர்" என்றாராம். துணி வாங்க வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், அங்கேயே வெடிமருந்தும் செய்தார்கள். அந்தக் கரையிலிருந்து ஆட்களையும் கப்பலேற்றி விற்றார்கள் என்று ஓவியா ஒரு நாள் தானே தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னாள். அதை வகுப்பில் சொன்னபோது ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம். "நம்முடைய கோட்டை" என்றவர் யாரைச் சேர்த்து "நம்" என்றார் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

கோட்டை இடிந்து மண்ணாகிப் போனாலும், நிறுக்கிறவன் ஒருத்தன், நிற்கிறவர்கள் பலர் என்ற ஏற்பாடு ஏரிக்கரையில் அப்படியே இருந்தது. ஏரியில் எங்கள் ஆட்கள் பாடு முறையில் மீன் பிடிப்பார்கள். நல்ல இடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்து வரும். நைனாவுக்குப் பாடு வந்த நாளில் இறாலைக் கூடையில் அள்ளிக்கொண்டு அம்மா கரைக்கு ஓடுவாள். நானும் பின்னால் ஓடுவேன். வாங்க வருகிற ஏஜென்ட் கைத்தராசு வைத்திருந்த காலத்தில் அவன் சுண்டுவிரல் தட்டை அழுத்துகிறதா என்றே அம்மா பார்ப்பாள். பிறகு மின்தராசு வந்தது. எண் அவன் பக்கம் திரும்பியிருக்கும். தண்ணீர் வடியட்டும் என்று ஒரு கழிவு, கூடைக்கு ஒரு கழிவு, காற்று அடிக்கிறது என்று ஒரு கழிவு.

ஒரு நாள் அம்மா கூடையை அவனிடம் நிறுத்துவிட்டு, விற்காமல் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவன் தராசிலும் வைத்தாள். இரண்டு எண்ணும் வேறு வேறு. கரையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "டேய், என் கூட இங்கேர்ந்து அங்க போறதுக்குள்ள குட்டி போட்டுச்சாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏஜென்டும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுவதும் இரண்டு பேருமே எங்கள் கூடையைக் கடைசியில்தான் எடுத்தார்கள். ஐஸ் தீர்ந்துபோய், இறால் தலை கறுத்த பிறகு. நைனா அம்மாவைப் பேசாத பேச்சு இல்லை. தான் பார்த்தது சரிதான் என்பது அவளுக்குத் தெரியும். அது எங்களுக்கு எதையும் வாங்கித் தரவில்லை என்பதும் தெரியும். நான் அவளிடமிருந்து அந்தக் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

4

சின்னத் தராசு வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். வீட்டில் ஆள் இல்லையென்றால் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். மாலையில் ஹென்னி கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியின் மேல் தராசின் படம் பெரிதாக அச்சடித்திருந்தது. அவள் படத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், என் தோளுக்கு மேலே வீட்டுக்குள்ளும் பார்த்தாள்.

விளக்கம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கணவர் வெள்ளை பீர் செய்கிறார், அதற்குத்தான் இது என்று டச்சில் சொன்னேன். கோதுமை பீருக்கு இங்கே வெள்ளை பீர் என்றுதான் பெயர், வெள்ளைக்கு அவர்கள் மொழியில் 'விட்'. நான் கொஞ்சம் நீட்டி 'வீட்' என்று சொல்லிவிட்டேன். 'வீட்' என்றால் கஞ்சா. உள்ளே மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஓவியா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஹென்னி சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஓவியாவைப் பார்த்தாள். சொல்லாமலே போய்விட்டாள்.

அடுத்த வாரம் வீட்டு வாடகை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். எங்கள் வீட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான வாசனை வருவதாகப் புகாராம். ஹாப்ஸ் பூவைக் கொதிக்கவிட்டால் வருகிற வாசனை அப்படித்தான் இருக்கும், தெரியாதவர்கள் கஞ்சா என்றே நினைப்பார்கள். சேகர் நேரில் போய், கவுன்டரில் எண் எடுத்துக் காத்திருந்து, போனில் இருந்த படங்களைக் காட்டி விளக்கிவிட்டு வந்தார். புகார் கொடுத்தது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. அதற்குப் பிறகு ஹென்னி வாசலில் நின்றால் நான் பின்கதவு வழியாகப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் சின்னத் தராசு சமையலறை இழுப்பறையிலிருந்து காணாமல் போனது.

சேகரைக் கேட்டேன். "நான் எதுக்கு எடுக்கறேன்? அடுத்த தடவைக்கு இன்னும் கோதுமையே ஊற வைக்கல" என்றார். ஓவியாவைக் கேட்டேன். "தெரியாது" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுநாள் பார்த்தால் இழுப்பறையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி இல்லை.

அந்தக் கடை ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. நான் ஒன்றொன்றாகக் கோத்துப் பார்த்தேன். கோடை வந்த பிறகும் தடித்த ஸ்வெட்டர் போடுகிறாள். சாயந்திரம் சினேகிதி வீட்டில் சாப்பிட்டேன் என்கிறாள். ஆனால் எந்தச் சினேகிதியும் இங்கே வருவதில்லை. குளியலறையில் நெடுநேரம் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். இதில் வினோதம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே எங்களுக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள், தான் ருசி பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். எதையோ மறைக்கத்தான் இந்த உபசாரம் என்று எனக்குப் பட்டது.

"விக்கிறாளா, இல்ல இழுக்கிறாளா?" என்று சேகரிடம் கேட்டேன்.

"உனக்குப் பைத்தியமா? நம்ம பொண்ணு கலா."

"எல்லாம் யாரோ ஒருத்தர் பொண்ணுதான்."

5

அவள் பள்ளிக்குப் போன பிறகு அவள் அறையைச் சோதித்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. மெத்தைக்கு அடியில், புத்தகங்களுக்குப் பின்னால், கோட்டுப் பைகளில் எல்லாம் கை விட்டுத் தேடினேன். அலமாரியின் அடித்தட்டில், ஒரு குளிர்காலக் காலுறைக்குள் தராசு இருந்தது.

தட்டைக் கழற்றினேன். விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். விரலில் ஒட்டியது ஒரு சோற்றுப் பருக்கை.

சோறு. பொடி இல்லை, இலை இல்லை. வெறும் சோறு. நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். ஏதோ பள்ளிக்கூடத்துச் செய்முறைப் பாடமாக இருக்கும். நான்தான் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டேன். தராசைத் துடைத்து, காலுறைக்குள்ளேயே திரும்ப வைத்தேன். அன்று அவளுக்குப் பிடித்த இறால் தொக்கு செய்தேன். சாப்பிட்டுவிட்டேன் என்று அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஒரு இடம் அதுதான்.

6

சில நாட்கள் கழித்து ஹென்னி எங்கள் வாசல் மணியை அடித்தாள். புகாரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறாள் என்று கதவைப் பாதிதான் திறந்தேன்.

அவள் எனக்காக வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து, மெதுவாகச் சொன்னாள். "உன் மகள். காலையில். கால்வாய்ப் பாலத்தில். தன் டப்பாவில் இருக்கும் ரொட்டியை எல்லாம் வாத்துகளுக்குப் போடுகிறாள். தினமும். நான் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது பார்க்கிறேன். உன்னிடம் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக..." என்று நிறுத்தினாள். "என் தங்கையும் இப்படி இருந்தாள்."

'இருந்தாள்' என்று அவள் சொன்ன விதம் எனக்குப் புரிந்தது. கதவை முழுவதும் திறந்தேன்.

அன்று மாலை ஓவியா குளித்துவிட்டு வரும்வரை மாடிப்படியில் நின்றேன். துண்டோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் சட்டென்று தோளை மூடிக்கொண்டாள். அதற்குள் பார்த்துவிட்டேன். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது நாங்கள் பயப்படாமல் அதன் விலா எலும்பை எண்ணுவோம். அன்று என் வீட்டு மாடிப்படியில் என்னால் எண்ண முடியவில்லை.

"ஏன்மா அப்படிப் பாக்கற?" என்றாள்.

"சோத்த எடை போட்டுத்தான் துன்றியா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "என் ரூமுக்குள்ள போனியா?" என்று கத்தினாள். கதவை அடைத்துக்கொண்டாள்.

குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்கே, போனில் ஒரு பெண் கேட்ட கேள்விகளுக்கு நான் மூன்று முறை தப்புத் தப்பாகப் பதில் சொன்னேன். அவசரமா என்றாள். அவசரத்துக்கு என்ன டச்சு வார்த்தை சொன்னால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வழியாகப் போனோம். மருத்துவர் இளம்பெண், வேகமாகப் பேசினார். இந்த நாட்டில் எங்கே போனாலும் எங்களுக்கு மொழிபெயர்க்கிறவள் ஓவியாதான். வங்கி, வரி, பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் அவள்தான். அன்றும் அவள்தான் எனக்கும் மருத்துவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் நெடுநேரம் பேசினார். ஓவியா திரும்பி, "எல்லாம் ஓகேவாம். பரீட்சை டென்ஷனாம். நல்லாத் தூங்கச் சொல்றாங்க" என்றாள்.

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா? அதிலும் என் காதில் ஒரு வார்த்தை இரண்டு தடவை விழுந்திருந்தது. 'டே லாஹ்.' ரொம்பக் குறைவு. நான் வேலை செய்யும் சமையலறையில் குளிர்பெட்டியின் கதவில், வெப்பநிலைக் குறிப்பில் அந்த வார்த்தை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவேன்.

நான் எழுந்து நின்றேன். மகளைக் காட்டினேன். "இவள் சரியாகச் சொல்லவில்லை" என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். ஓவியாவின் முகம் சிவந்தது. மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்.

போனில் வந்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் குரல். இவள் யார், எந்த ஊரில் இருக்கிறாள், நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டில் இதைச் சொல்வாள் என்றுதான் என் புத்தி முதலில் போனது. ஆனாலும் சொன்னேன். "நிறுத்து நிறுத்துத்தான் துன்றாம்மா."

"விளங்கேல்லை அக்கா. பிள்ளை சாப்பாட்டை நிப்பாட்டிப்போட்டாவோ?"

"நிறுத்தல. நிறுக்கறா."

"ஓம், நிப்பாட்டேல்லை. பிறகு?"

"ஐயோ, எடை போடறாம்மா! தராசுல வச்சு, ஒவ்வொரு வாயையும் எடை போடறா!"

பிறகு அந்தக் குரல் மருத்துவரிடம் டச்சில், ரொம்ப மெதுவாக, ஏதோ சொன்னது. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஓவியா எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் தெரிந்த அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கடை, அந்தப் போர்வை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அந்தப் போன் எல்லாம் ஞாபகம் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு என் மகள் என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள் என்று நான் மகிழ்ந்துபோயிருந்த அன்றைக்கு, அவள் தனக்கான தராசைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

7

முருகனுக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. "சாப்புட மாட்றாளா? ஏன், அங்க சோறு கெடைக்கலியா?" என்றான். கிடைக்கிறது என்றேன். "அப்போ காத்து கருப்பு எதுனா அட்சிருக்கும். தாயத்து அனுப்பட்டா?" என்றான். ஏரியில் ஒன்றும் படாத நாட்களில் ஒரே சட்டிக் கஞ்சியை எல்லோரும் பகிர்ந்துகொண்டு வளர்ந்தவன் அவன். இருக்கிற சோற்றை ஒரு பெண் எதிரியாகப் பார்ப்பாள் என்பதை அவனுக்கு நான் எந்தத் தமிழில் சொல்வது? அனுப்புடா என்றேன். தாயத்தும் வந்தது. ஓவியா அதைக் கட்டிக்கொள்ளவில்லை, தூக்கியும் எறியவில்லை.

சிகிச்சை கிடைப்பதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்த காலம்தான் மோசம். வீட்டில் எந்தத் தராசும் இருக்கக்கூடாது என்றார் மருத்துவர். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் ஹென்னியிடம் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் வாங்கி, துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். வாசனைப் புகாரை எழுதியது அவளா என்று அப்போதும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது.

சேகர் பீர் காய்ச்சுவதையே விட்டுவிடுகிறேன் என்றார். "நீ வுடாத. அவ பாத்தா தன்னாலதான் எல்லாம் போச்சுன்னு நெனப்பா" என்றேன். இப்போது அவர் கொத்தமல்லியைப் பையில் எடுத்துக்கொண்டு ஹென்னி வீட்டுக்குப் போய் நிறுத்துக்கொண்டு வருகிறார். நாங்கள் வந்த நாள் அந்த வருஷம் கொண்டாட்டம் இல்லாமலே போனது.

சிகிச்சை மையத்தில் அவளை முதுகைக் காட்டித் தராசில் ஏறச் சொல்வார்கள். எண் அவளுக்குத் தெரியக்கூடாது. எனக்கும் சொல்வதில்லை. முதல் நாள் நான் சண்டை போட்டேன். "என் பொண்ணு. எண்ணக் காட்டுங்க" என்று கேட்டேன். அந்த நர்ஸ், பெரிய உடம்புக்காரி, தராசை மறைத்துக்கொண்டு நின்றாள். எண் தெரிந்தால் அது என் முகத்தில் வந்துவிடும், என் முகத்தை மகள் படித்துவிடுவாள் என்று சொன்னாள். நம்பவில்லை. அடுத்த முறையும் நம்பவில்லை. அதற்கு அடுத்த முறை வெளியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஒவ்வொரு வேளையும் நான் எதிரில் உட்கார்ந்துதான் அவள் சாப்பிட்டாள். அதற்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். அவள் என்னை வெறுத்தாள். கைக்குட்டையில், சட்டைக் கையில், வாய்க்குள் ஓரமாக என்று ஒளிக்கத் தெரியாத இடமில்லை அவளுக்கு. கண்டுபிடிக்கத் தெரியாத இடமில்லை எனக்கு. ஒரு நாள் தட்டைச் சுவரில் எறிந்தாள். சாம்பார் கறை இன்னும் இருக்கிறது. இன்னொரு நாள், அழுதுகொண்டே முழுத் தட்டையும் சாப்பிட்டுவிட்டு, "போதுமா?" என்றாள். நான், "போதும் கண்ணு" என்றேன்.

குளிர்காலம் போய், வெளிச்சம் திரும்பி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தில் பழைய கன்னம் தெரிய ஆரம்பித்தது. முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். மையத்திலேயே அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம், தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டு வைத்துவிட்டு வழக்கம்போல எதிர் நாற்காலியை இழுத்தேன். ஓவியா, "அம்மா, இன்னைக்கு நான் தனியாச் சாப்பிடட்டுமா?" என்றாள். "டாக்டர் ட்ரை பண்ணலாம்னு சொன்னாங்க. நீ வேணும்னா போன் பண்ணிக் கேளு."

போன் பண்ணவில்லை. குளிர்கால கோட் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். சேகர் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, இங்க வந்துட்ட?"

"சாப்புடறா. தனியா."

அவர் கை நின்றது. "ஜன்னல்ல பாத்தியா?"

"இல்ல."

தூறல் போட ஆரம்பித்தது. சமையலறை ஜன்னல் எங்கள் இருவருக்கும் நேராகத்தான் இருந்தது. அவர் எனக்கு ஒரு பாட்டிலையும் பிரஷையும் கொடுத்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவினேன்.

நான் உள்ளே போனபோது அவள் மாடிக்குப் போயிருந்தாள். தட்டு கழுவி வைக்கப்பட்டிருந்தது. குழம்புச் சட்டி மூடியிருந்தது. மேசையைத் துடைத்தேன். குப்பைக்கூடை கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, காலால் மிதித்தால் மூடி திறக்கும். பக்கத்தில் போய் நின்றேன். கால் மிதிப்பலகையின் மேலேகூட வந்துவிட்டது.

பிறகு காலை எடுத்துக்கொண்டு, மாடியைப் பார்த்து, "ஓவியா, டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

"போடு" என்றாள்.